இளைஞரணியில் பொறுப்பா? முதலில் உங்கள் பாகத்தைப் படியுங்கள்

திமுக இளைஞரணியில் சேர நினைப்பவர்களும், புதிதாகத் துணை அமைப்பாளர் ஆனவர்களும் என்னைப் போல வாக்குச்சாவடிப் பயிற்சி நடத்துகிறவர்களிடம் வழக்கமாகக் கேட்பது, "அண்ணே, அடுத்து எப்படி மேல போறது?" என்பதுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "உங்க பாகம் எண் என்ன தம்பி?" மாவட்டச் செயலாளர் எந்தக் காரில் வருவார், எந்த மண்டபத்தில் கூட்டம், யார் யாருக்கு ஆகாது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். தன் ஓட்டு வாக்காளர் பட்டியலின் எந்தப் பாகத்தில் இருக்கிறது, அங்கே எத்தனை பேர், அதில் எத்தனை பேர் ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டால் பலர் போனை எடுத்துத் தேட ஆரம்பிப்பார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. எந்தக் கட்சியில் சேரலாம், சேர வேண்டாமா என்பது அவரவர் முடிவு. அதற்குள் நான் போகப்போவதில்லை. சேர்ந்தபின் இளமையை எதில் செலவழிப்பது, எதில் செலவழிக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இது கொஞ்ச காலத்து இடம்

1980 ஜூலை 20 அன்று மதுரை ஜான்சிராணி பூங்காவில் கலைஞர் தொடங்கி வைத்த அணி இது. 1982-இல் திருச்சியில் அமைத்த அமைப்புக் குழுவில் மு.க. ஸ்டாலின் வந்தார், 1984-இல் செயலாளர் ஆனார், 2017 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அடுத்து மு.பெ. சாமிநாதன், 2019 ஜூலையிலிருந்து உதயநிதி ஸ்டாலின். தலைமையிடம் தேனாம்பேட்டை அன்பகம். முதல் மாநில மாநாடு 2007 டிசம்பரில் நெல்லையில், இரண்டாவது 2024 ஜனவரி 21-இல் சேலத்தில்.

இந்த வரலாற்றைவிட உங்களுக்கு முக்கியமானது வயது வரம்பு. 18 முதல் 35 வயது வரை என்று 2019-இல் வரையறுத்தார்கள். 24 வயதில் சேர்ந்தால் உங்கள் கையில் 11 ஆண்டு. அதன்பின் தாய்க் கழகத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டத்தில் பின்வரிசை நாற்காலிதான். ஆகவே, '35 வயதில் என் கையில் என்ன மிஞ்சும்?' என்ற கேள்வியை 24-லேயே கேட்டுக்கொள்ளுங்கள். பொறுப்பு கட்சியுடையது, ஒரு அறிவிப்பில் வரும், இன்னொரு அறிவிப்பில் போகும். உங்கள் பாகத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குடும்பங்களை எந்த அறிவிப்பும் எடுத்துக்கொள்ள முடியாது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பதுதான்.

சேருமுன் சரிபார்க்க வேண்டியவை

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு உரிய இடம் மாணவரணி. கணினி, வீடியோ, வடிவமைப்பில் கை தேர்ந்தவர் என்றால் தகவல் தொழில்நுட்ப அணியில் உங்களுக்கு மதிப்பு அதிகம். தெருவில் இறங்கி ஆட்களோடு பழகப் பிடிக்கும் என்றால் இளைஞரணி. எல்லா அணியிலும் ஒரு கால் வைக்கிறவரை எந்த அணியும் தன் ஆள் என்று கணக்கில் எடுக்காது.

டிஎன்பிஎஸ்சி, போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நன்றாக யோசியுங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அரசு வேலையில் இருப்பவர் கட்சி உறுப்பினராக இருக்க முடியாது. வேலை உத்தரவு வரும் நாளில் உறுப்பினர் அட்டையையும் பொறுப்பையும் விட்டுவிட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று ஆண்டில் தேர்வில் ஜெயித்தே தீர்வது என்று இருந்தால், அதுவரை படிப்பையே பாருங்கள்.

வருமானத்துக்கு ஒரு வழி இல்லாமல் முழுநேரக் கட்சிக்காரராக ஆகாதீர்கள். செல்போன் கடையோ, டிராக்டரோ, வக்கீல் தொழிலோ, மாதச் சம்பளமோ எதுவானாலும் சரி. சொந்த வருமானம் இருப்பவரால்தான் ஒன்றியச் செயலாளர் முன்னால் 'இது சரியா வராதுண்ணே' என்று சொல்ல முடியும். டீக்கும் பெட்ரோலுக்கும் அடுத்தவர் கையைப் பார்த்தால் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு பாகம், ஒரு நோட்டு

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உங்கள் பாகத்தின் வாக்காளர் பட்டியல் கிடைக்கும். இறக்கி, தாளில் அச்செடுங்கள். ஒரு வாக்குச்சாவடிக்கு அதிகபட்சம் 1,200 வாக்காளர் என்பது 2025-இல் தேர்தல் ஆணையம் வைத்த அளவு. குடும்பமாகப் பார்த்தால் முந்நூறு, நானூறு வீடு. ஒரு மாதத்துச் சாயங்காலங்களில் நடந்து முடித்துவிடலாம்.

நோட்டில் ஐந்து பத்தி போதும்: இறந்தவர்கள், நிரந்தரமாக இடம் மாறியவர்கள், வேலைக்காகத் திருப்பூர், சென்னை, கோவை என்று போய்த் தேர்தலுக்கு மட்டும் வருபவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள், 18 நிறைந்தும் பெயர் சேராதவர்கள். ஐந்தாவது பத்திதான் இளைஞரணிக்குச் சொந்தமான பத்தி. முதல் ஓட்டுக்காரர் ஒருவரின் பெயரைச் சேர்க்க உதவியவரை அந்த வீடு மறக்காது.

படிவங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. நீக்கவும் ஆட்சேபிக்கவும் படிவம் 7. முகவரி மாற்றம், பெயர், வயது, புகைப்படத் திருத்தம் எல்லாவற்றுக்கும் படிவம் 8. 2022-இலிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. 17 வயது நிரம்பியவர்களே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். 'அடுத்த ஜனவரி வரட்டும்' என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

கட்சி சார்பில் பாகத்துக்கு ஒருவர் வாக்குச்சாவடி நிலை முகவராக இருப்பார்; கட்சிக்காரர்கள் வாயில் அவர் பிஎல்ஏ-2. உங்கள் பாகத்தில் அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் அது பட்டியலில் மட்டும் இருக்கும் பெயராக இருக்கும். அந்த இடம் காலியாக இருந்தால் மாநிலப் பொறுப்பைவிட முதலில் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான். வழக்கமான திருத்தக் காலத்தில் பிஎல்ஏ ஒருவர் ஒரு நாளைக்கு 10 படிவங்கள் வரை மொத்தமாகக் கொடுக்கலாம். தான் நேரில் சரிபார்த்ததாக உறுதிமொழியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெரும்பாலும் உள்ளூர் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். அவரை அதட்டாதீர்கள். 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, அலுவலரோடு முன்பே பழகியிருந்த பிஎல்ஏக்களின் வேலை சுலபமாக நடந்தது. மற்றவர்கள் வீடு தேடி அலைந்தார்கள்.

ஓர் எச்சரிக்கை. எதிர்க்கட்சிக்காரரின் ஓட்டு என்று தெரிந்து அவர் பெயரை நீக்கப் படிவம் 7 எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். பொய்யான உறுதிமொழிக்கு 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 31-இன்படி ஓராண்டு வரை சிறை உண்டு. கையெழுத்து உங்களுடையது, எழுதச் சொன்னவரின் பெயர் அதில் எங்கேயும் இருக்காது.

யார் தெருவுக்கு முதலில் போவீர்கள்?

சமூக நீதி பேசும் கட்சியின் இளைஞரணிக்காரர் தன் தெருவிலும், தன் சாதிக்காரர் தெருவிலும் மட்டும் நடந்தால் அந்தப் பேச்சுக்குப் பொருளில்லை. பட்டியல் சாதி மக்கள் வாழும் தெருவிலிருந்து உங்கள் கணக்கெடுப்பைத் தொடங்குங்கள். உங்களோடு வரும் ஐந்து பேரில் இரண்டு பேர் அந்தத் தெருக்காரர்களாகவும், இரண்டு பேர் பெண்களாகவும் இருக்கட்டும். 'பெண்களுக்கு மகளிரணி இருக்கே' என்று தள்ளிவிடாதீர்கள். பகல் நேரத்தில் கதவைத் திறப்பவர்கள் பெண்கள். பெண் ஒருவர் கேட்டால் சொல்வதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

மனு எழுதும் கை

வீடு வீடாகப் போனால் ஓட்டுக் கணக்கு மட்டும் கிடைக்காது. "தம்பி, ரேஷன் கார்டுல மருமக பேரு இன்னும் ஏறல," "முதியோர் பென்ஷன் நின்னு மூணு மாசம் ஆச்சு," "பட்டா மாத்தி எழுதச் சொல்லி நடையா நடக்கிறோம்" என்று வரிசையாக வரும். கட்சிக்காரருக்குக் கைகொடுக்கும் இடம் இதுதான். பெயர் கெடும் இடமும் இதுதான்.

மனுவைக் கட்சி லெட்டர்பேடில் எழுதாதீர்கள். பாதிக்கப்பட்டவர் பெயரில், அவர் முகவரி, அவர் செல்போன் எண்ணோடு எழுதுங்கள். பதில் அவருக்கு நேராகப் போக வேண்டும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. பட்டா, பென்ஷன், தெருவிளக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்று அலுவலகங்களும் 'எங்களுடையது அல்ல' என்று திருப்பி அனுப்பும். முதல் பத்தியில் என்ன வேண்டும் என்பது, இரண்டாவதில் இதுவரை எங்கே எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்பது, கடைசியில் இணைப்புகளின் பட்டியல். 'ஏழை எளிய குடும்பம், தாங்கள் கருணை கூர்ந்து' என்று அரைப் பக்கம் எழுத வேண்டாம். படிக்கிற எழுத்தர் அதைத் தாண்டித்தான் விஷயத்தைத் தேடுவார்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் ஒப்புகை எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். 1100 எண்ணிலும் புகார் பதியலாம். ஒப்புகை எண், தேதி, அலுவலகம் ஆகியவற்றை நோட்டில் ஏற்றி, ஒரு மாதம் ஆனதும் நீங்களே போய்க் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு 'என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?' என்று ஒரே கேள்வி அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. இதை உருப்படியாகச் செய்கிற ஒருவர் ஒன்றியத்தில் இருந்தால், அவரைத் தேடி எதிர்க்கட்சிக்காரர் வீட்டிலிருந்தும் ஆள் வரும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு மேடை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. கொடி குத்திய சட்டையோடு போய்க் கூச்சல் போடாதீர்கள். ஊர் வாக்காளர் என்ற முறையில் எழுந்து நின்று, தீர்மானம் என்ன வாசகத்தில் பதிவேட்டில் ஏறுகிறது என்பதை வாசிக்கச் சொல்லி, அதன்பின் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

இதற்கெல்லாம் யாரிடமும் ஒரு பைசா வாங்காதீர்கள். 'செலவுக்கு வெச்சுக்கங்க தம்பி' என்று நீட்டும் இருநூறு ரூபாய்தான் புரோக்கர் என்ற பெயரின் முதல் தவணை. அரசு வேலை வாங்கித் தருவதாக எவர் உங்கள் வழியாகப் பணம் கேட்டாலும் அந்த ஆளின் பக்கமே போகாதீர்கள்.

வாக்குப்பதிவு நாள் காலை ஐந்தரை மணி

உங்களை வாக்குச்சாவடி முகவராக உட்கார வைத்தால் அதை மரியாதைக்குத் தரும் நாற்காலி என்று நினைக்காதீர்கள். ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் ஒன்றரை மணி நேரம் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு. ஐந்தரைக்கு நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். வெளியே டீக்கடையில் இருந்துவிட்டு ஆறரைக்கு வந்தால், அன்றைய நாளின் முக்கியமான ஒரு மணி நேரம் போய்விட்டது.

உள்ளே நடப்பது இது: குறைந்தது 50 மாதிரி ஓட்டுகளை எல்லா வேட்பாளருக்கும், நோட்டாவுக்கும் போட்டுப் பார்ப்பார்கள். யாருக்கு எத்தனை என்று நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். குளோஸ் பட்டனை அழுத்தி, ரிசல்ட் பார்த்து, உங்கள் கணக்கோடும் விவிபேட் சீட்டுகளோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு கிளியர். திரையில் மொத்த ஓட்டு பூஜ்யம் என்று வருவதைக் கண்ணால் பார்க்காமல் சான்றிதழில் கையெழுத்துப் போடாதீர்கள். விவிபேட் பெட்டியில் கிடந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்துவிட்டார்களா என்பதையும் பாருங்கள். கண்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட், விவிபேட் மூன்றின் எண்களையும், சீல் எண்களையும் எழுதி வையுங்கள்.

உங்களுக்குத் தெரியாத ஆள் வேறொருவர் பெயரில் ஓட்டுப் போட வந்தால் சண்டை போட வேண்டாம். 2 ரூபாய் கட்டி அவருடைய அடையாளத்தை ஆட்சேபிக்கலாம். இதுதான் சேலஞ்ச் ஓட்டு. உங்கள் ஆள் வரும்போது அவர் ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டிருந்தால் டெண்டர் ஓட்டு கேட்கலாம். 2018-இல் 'சர்கார்' படம் வந்தபின் இதைச் சொல்லும் 49பி விதி ஊரெல்லாம் பிரபலம். ஆனால் டெண்டர் ஓட்டுகள் தனி உறையில் முத்திரையிடப்படும். நீதிமன்றம் சொன்னாலொழிய எண்ணிக்கையில் சேராது. வாக்காளருக்கு இதை உள்ளபடியே சொல்லுங்கள். கள்ள ஓட்டைத் தடுக்க வேண்டிய நேரம், அது விழுந்த பிறகு அல்ல. காலையிலிருந்து பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் குறிக்கும்போது. இறந்தவர், ஊரில் இல்லாதவர் பெயர்களை உங்கள் நோட்டிலிருந்து முன்பே பிரித்து எடுத்துப் போங்கள்.

சாயங்காலம் ஓட்டுப்பதிவு முடிந்ததும் படிவம் 17சி-யின் நகலைக் கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். அந்தச் சாவடியில் பதிவான மொத்த ஓட்டு அதில் இருக்கும். எண்ணிக்கை நாளில் உங்கள் முகவர் இயந்திரத்தின் மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் கிடையாது. மறுநாளே செல்போனில் படம் எடுத்து, அசலை உறையில் போட்டு வையுங்கள்.

வெளியே இருக்கும் ஆட்களுக்கும் விதி உண்டு. கட்சி மேசை 100 மீட்டருக்கு அப்பால். 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. கட்சி கொடுக்கும் பூத் சிலிப் வெள்ளைத் தாளில், சின்னமும் வேட்பாளர் பெயரும் இல்லாமல் இருக்க வேண்டும்.

பட்டுவாடா வேலைக்கு வண்டியை எடுக்காதீர்கள்

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் இளைஞர்களைத் தேடிப் பணப் பட்டுவாடா வேலை வரும். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம், ஓராண்டு வரை சிறை. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணம் காரணமாகத் தேர்தலே நின்றுபோனது. எல்லாக் கட்சிகள் மீதும் இந்தப் புகார் உண்டு. சோதனையில் வண்டியோடு மாட்டுவது பையைக் கொண்டுபோகிற பையன்தான். கொடுத்தனுப்பியவர் அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டார். 'எனக்கு பூத் உள்ளே வேலை இருக்குண்ணே' என்று சொல்லுங்கள். பிஎல்ஏவாகவும் முகவராகவும் உண்மையிலேயே வேலை செய்கிறவரை இதற்காக யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

படிப்பும் பேச்சும்

2022-இல் 234 தொகுதிகளிலும் இளைஞரணி பயிற்சிப் பாசறை நடத்தியது. தொகுதிதோறும் கலைஞர் நூலகம் என்ற திட்டமும், 2024-இல் புதிய பேச்சாளர்களைத் தேர்ந்தெடுக்க 'என் உயிரினும் மேலான' பேச்சுப்போட்டியும் வந்தன. பாசறைக்குப் போனால் பின்வரிசையில் உட்கார்ந்து செல்பி எடுத்துவிட்டு வராதீர்கள், குறிப்பெடுங்கள். திமுகவை மைய இடதுசாரிக் கட்சி என்று வகைப்படுத்துவார்கள். அதற்கு ஆதாரம் என்ன என்று ஒருவர் கேட்டால், முழக்கத்தை மட்டும் சொல்லாமல் சட்டத்தையும் ஆண்டையும் சொல்லத் தெரிய வேண்டும்.

குறைந்தபட்சம் இவற்றைப் படியுங்கள்: 1962-இல் மாநிலங்களவையில் அண்ணாவின் முதல் உரை, சுயமரியாதைத் திருமணச் சட்டம், 1968-இன் இருமொழித் தீர்மானம், 1969-இல் அமைத்து 1971-இல் அறிக்கை தந்த ராஜமன்னார் குழு, 1974-இன் மாநில சுயாட்சித் தீர்மானம், 1989-இல் பெண்களுக்குச் சம சொத்துரிமை, 2009-இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு, 2021-இல் அனைத்துச் சாதியினர் அர்ச்சகர் நியமனம். 2025 ஏப்ரலில் குரியன் ஜோசப் தலைமையில் மாநில உரிமைக்காக ஏன் குழு அமைந்தது என்பது ராஜமன்னார் குழுவைப் படித்தவருக்குத்தான் புரியும்.

கூடவே கஷ்டமான கேள்விகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 1968 டிசம்பரில், திமுக ஆட்சியில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து இறந்தது; 1974 கச்சத்தீவு; 1976 சர்க்காரியா ஆணையம்; 2009-இல் ஈழத்தின் இறுதிப் போர்; 2ஜி வழக்கில் 2017-இல் விடுதலை, அதன் மீது 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்ற மேல்முறையீடு; 2022 வேங்கைவயல். டீக்கடையில் இவற்றைத்தான் கேட்பார்கள். கோபப்பட்டால் தோற்றீர்கள். நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டு, உங்கள் தரப்பை அதன்பின் சொல்லுங்கள். விமர்சனத்தைத் தெரிந்து வைத்திருக்கும் கட்சிக்காரரின் பாராட்டைத்தான் ஊர் நம்பும்.

தெருமுனையில் பேசும்போது ஏழு நிமிடம் போதும், ஒரே விஷயம். 2021 தேர்தலில் உதயநிதி ஒற்றைச் செங்கலைக் கையில் எடுத்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய மதுரை எய்ம்ஸ் எங்கே என்று புள்ளிவிவரத்தோடு அரைமணி நேரம் பேசியிருந்தால் யாருக்கும் நினைவில் நின்றிருக்காது. உங்கள் ஊருக்கும் அப்படி ஒரு பொருள் இருக்கும்: தண்ணீர் வராத குழாயின் மூடி, மூன்று ஆண்டு பழைய ஒப்புகைச் சீட்டு. ஆளுங்கட்சியாக இருக்கும்போது அந்தப் பொருளை எதிர்க்கட்சிக்காரர் எடுத்து வருவார் என்பதையும் மறக்காதீர்கள். அவர் எடுக்குமுன் அந்தக் குழாயைச் சரிசெய்ய வைப்பது உங்கள் வேலை.

வழக்கு, பேனர், கூட்டம்

பேனர் வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணை அருகே கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணப் பேனர் சரிந்து, 23 வயது பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார். அதன்பின் திமுக உட்படப் பெரிய கட்சிகள் எல்லாம் பேனர் வைக்க வேண்டாம் என்று தொண்டர்களுக்குச் சொல்லின. பொது இடத்துக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த வழக்கு மேலும் நீண்டது. கம்பம் நடுமுன் இடம் யாருடையது என்று பாருங்கள்.

ஆர்ப்பாட்டத்தில் கைதாகி மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவித்தாலும், எஃப்ஐஆர் போட்டார்களா என்று அடுத்த வாரமே விசாரியுங்கள். எண்ணையும் பிரிவுகளையும் எழுதி வைத்து, கட்சி வழக்கறிஞர் அணியிடம் சொல்லி, முடியும்வரை பின்தொடருங்கள். பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது பல பேருக்கு அப்போதுதான் வழக்கு இருப்பதே தெரியும். படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். சின்ன வழக்கைவிட அதை மறைத்ததே வேலைக்குப் பெரிய ஆபத்து.

மாநாட்டுக்கு வேன் எடுத்தால் பொறுப்பு உங்கள் தலையில். 2025 செப்டம்பர் 27-இல் கரூரில் கூட்ட நெரிசலில் 41 உயிர் போனது. எந்தக் கட்சிக் கூட்டம் என்பது இங்கே பேச்சில்லை. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஏற்றாதீர்கள். வேனில் வந்தவர்களின் பெயர், வீட்டு எண் எழுதிய தாள் ஒன்று உங்களிடமும் ஒன்று ஓட்டுநரிடமும் இருக்கட்டும். தண்ணீரையும் திரும்பி வரும் நேரத்தையும் முன்பே உறுதி செய்யுங்கள். நெரிசல் என்று தோன்றினால் தலைவர் வரும்வரை காத்திராமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

ஏணியில் எத்தனை படி உங்களுக்கு?

வாரிசுக் கேள்வி வராமல் இருக்காது. உங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். இளைஞரணிச் செயலாளராக நீண்ட காலம் இருந்தவர் 2021-இல் முதலமைச்சர் ஆனார். 2019-இல் அந்தப் பொறுப்புக்கு வந்த அவர் மகன் 2024 செப்டம்பரில் துணை முதலமைச்சர் ஆனார். உச்சிப் படிகளில் யார் நின்றார்கள் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அதைப் பார்த்துக் கனவு காண்பதும் வீண், அதைக் காட்டி எல்லாமே வீண் என்பதும் தவறு.

உங்களுக்கு எட்டும் படி உள்ளாட்சி. அதற்கு 21 வயது போதும். சட்டமன்றத்துக்கு 25 வேண்டும். 2022 நகர்ப்புறத் தேர்தலில் மட்டும் 12,838 வார்டுகள். கிராம ஊராட்சிகள் 12,000-க்கு மேல். ஒவ்வொன்றிலும் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் உண்டு. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. சென்னை மேயர் ஆனபோது பிரியாவுக்கு வயது 28. உங்கள் வார்டு இட ஒதுக்கீட்டில் போய்விட்டால், உங்களோடு நோட்டுத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்ணையோ பட்டியல் சாதி இளைஞரையோ முன்மொழியுங்கள். அம்மாவையும் மனைவியையும் பெயருக்கு நிறுத்திவிட்டு நீங்கள் நாற்காலியில் உட்காராதீர்கள்.

சீட்டுக் கேட்கும் நாளில் விருப்ப மனுவோடு நேர்காணலுக்குப் போவீர்கள். எத்தனை போராட்டத்தில் சிறை சென்றேன், எத்தனை மாநாட்டுக்கு வேன் அனுப்பினேன் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் ஒரே ஒரு தாளை எடுத்து வையுங்கள்: கடந்த தேர்தல்களில் உங்கள் பாகத்தில் பதிவான ஓட்டு, கட்சிக்கு விழுந்த ஓட்டு, நீங்கள் சேர்த்த புதிய வாக்காளர், கொடுத்த மனுக்கள், அதில் முடிந்தவை, முடியாதவை. முடியாதவற்றையும் எழுதுங்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த வரியைத்தான் முதலில் பார்ப்பார்.

சீட்டு கிடைக்கலாம், வேறு ஆளுக்கும் போகலாம். போனால் அந்த ஆளுக்காக அதே பாகத்தில் வேலை பாருங்கள், கணக்கைத் தொடர்ந்து எழுதுங்கள். 35 வயதில் தாய்க் கழகத்துக்கு வரும்போது, உங்களை யார் பரிந்துரைத்தார்கள் என்று பார்க்காமல் உங்கள் பாகத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பேசும் ஒன்றியச் செயலாளர் ஒருவராவது இருப்பார். அப்படி யாரும் இல்லாத ஒன்றியம் என்றால், அடுத்த ஒன்றியச் செயலாளர் தேர்தலுக்கு நீங்களே நிற்பதற்கான காரணம் கையில் இருக்கிறது.